தேயிலை வகைகள்

தேயிலை வகைகள் என்பவை கமேலியா சினென்சிஸ் என்னும் ஒரே தாவரத்தின் கொழுந்துகளை வெவ்வேறு முறைகளில் பதப்படுத்துவதால் கிடைக்கும் தேயிலைகளைக் குறிக்கும். வெண்தேயிலை, பச்சைத் தேயிலை, மஞ்சள் தேயிலை, ஊலோங் தேயிலை, கருந்தேயிலை, பின்நொதிப்புத் தேயிலை என்பன இவற்றுள் முதன்மையான ஆறு வகைகளாகும். பச்சைத் தேயிலைக்கு ஒரு செடியும் கருந்தேயிலைக்கு வேறொரு செடியும் உண்டு என்ற எண்ணம் பரவலாகக் காணப்படினும் அது தவறாகும். பறித்த கொழுந்து எவ்வளவு நசுக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் காற்றுடன் வினைபுரிய விடப்படுகிறது, எந்தக் கட்டத்தில் சூடாக்கப்படுகிறது என்பவையே வகையைத் தீர்மானிக்கின்றன.

செடியின் இனம், விளையும் இடத்தின் உயரம், பறிக்கும் பருவம் ஆகியவை ஒரே வகைக்குள் சுவை வேறுபாடுகளை உண்டாக்குகின்றன. பூக்கள், வேர்கள், பிற செடிகளின் இலைகள் ஆகியவற்றை வெந்நீரில் ஊறவைத்துப் பெறும் பானங்கள் வழக்கில் தேநீர் என அழைக்கப்பட்டாலும் அவை தேயிலை வகைகளுள் அடங்கா.

## பெயரும் சொற்குழப்பங்களும்

தேயிலையைக் குறிக்கும் சீன எழுத்து ஒன்றே ஆயினும் அது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டு ஒலிக்கப்படுகிறது. தென்கிழக்குச் சீனாவின் புஜியான் கடற்கரை வழக்கில் அது "தே" என்றும், மாண்டரின், காண்டனீயம் ஆகியவற்றில் "சா" என்றும் ஒலிக்கும். புஜியான் கடற்கரையுடன் வணிகம் செய்த டச்சுக்காரர் வழியாக முதல் ஒலிப்பு மேற்கு ஐரோப்பாவில் பரவியது. தரைவழி வணிகத்தின் மூலம் இரண்டாம் ஒலிப்பு நடு ஆசியா, பாரசீகம், வட இந்தியா ஆகிய பகுதிகளில் "சாய்" எனப் பரவியது. தமிழில் வழங்கும் தேயிலை, தேநீர், டீ, இலங்கைத் தமிழரின் தேத்தண்ணி ஆகிய சொற்கள் முதல் ஒலிப்பையும், சாயா என்னும் சொல் இரண்டாம் ஒலிப்பையும் சார்ந்தவை.

தேயிலை வகைகளைப் பற்றிப் படிக்கும்போது பின்வரும் மூன்று சொற்குழப்பங்களைக் கவனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

* பசுந்தேயிலை: நீலகிரி விவசாயிகள் "பசுந்தேயிலை விலை" என்று கூறும்போது, தொழிற்சாலைக்கு விற்கப்படும் பதப்படுத்தாத கொழுந்தையே குறிப்பிடுகின்றனர். கடைகளில் விற்கப்படும் பச்சைத் தேயிலை என்பது பதப்படுத்தி உலர்த்தப்பட்ட பண்டமாகும். பசுந்தேயிலையின் பெரும்பகுதி கருந்தேயிலையாகவே மாற்றப்படுகிறது.
* கருந்தேநீர்: பால் சேர்க்காத தேநீர், கட்டன் சாயா, பிளேன் டீ என்பன அருந்தும் முறையைக் குறிக்கும் பெயர்கள். கருந்தேயிலை என்பது பதப்படுத்தும் முறையைக் குறிப்பது. பால் சேர்த்த வழக்கமான தேநீரும் கருந்தேயிலையில் தயாரிக்கப்படுவதே.
* செந்தேயிலை: உலகின் பிற பகுதிகளில் கருந்தேயிலை எனப்படுவதைச் சீனர் அதன் சாற்றின் நிறம் கருதிச் செந்தேயிலை என்கின்றனர். அவர்கள் கருந்தேயிலை எனச் சொல்வது பூயர் போன்ற பின்நொதிப்புத் தேயிலையை ஆகும்.

## தாவரம்

தேயிலைச் செடி தியேசியே குடும்பத்தைச் சேர்ந்த பசுமைமாறாத் தாவரமாகும். தோட்டங்களில் இடுப்பளவு உயரத்தில் கவாத்து செய்யப்படுவதால் புதர் போலத் தோற்றமளித்தாலும், வெட்டாமல் விட்டால் மரமாக வளரக்கூடியது. இதில் இரு முதன்மை இனவகைகள் உள்ளன.

* சீன இனவகை (சினென்சிஸ்): சிறிய இலைகளைக் கொண்டது. குளிரைத் தாங்கும். சீனா, சப்பான், டார்ஜிலிங் ஆகிய இடங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது.
* அசாம் இனவகை (அசாமிகா): பெரிய இலைகளைக் கொண்டது. வெப்பமும் மழையும் மிகுந்த இடங்களில் செழித்து வளரும். அசாம், யுன்னான், கென்யா முதலிய இடங்களில் மிகுதி. இதன் சாறு பொதுவாகக் கடுமையானது.

இவ்விரண்டின் கலப்பினங்களும், அவற்றிலிருந்து தெரிவு செய்யப்பட்ட பயிர்வகைகளும் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பரவலாக உள்ளன. எந்த இனவகையின் கொழுந்திலிருந்தும் எந்த வகைத் தேயிலையையும் செய்ய இயலும். எனினும் மென்மையான பச்சைத் தேயிலைக்குச் சீன இனவகையும், கடுஞ்சாறு தரும் கருந்தேயிலைக்கு அசாம் இனவகையும் கூடுதலாகப் பொருந்துகின்றன. கென்யாவில் உருவாக்கப்பட்ட ஊதாத் தேயிலை இவ்விதிக்குச் சிறிது விலகியது. அதன் ஊதா நிறம் செடியிலுள்ள அந்தோசயனின் என்னும் நிறமியால் வருவதேயன்றிப் பதப்படுத்தலால் வருவதன்று.

## வகைப்பாட்டின் வரலாறு

சீனாவிலிருந்து தேயிலையை வாங்கிய ஐரோப்பியர், அது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை நீண்ட காலம் அறிந்திருக்கவில்லை. உயிரியல் பெயரீட்டு முறையை உருவாக்கிய கார்ல் லின்னேயசு 1753 இல் தேயிலைச் செடிக்குத் தியா சினென்சிஸ் எனப் பெயரிட்டார். 1762 இல் வெளியான அந்நூலின் இரண்டாம் பதிப்பில், பச்சைத் தேயிலை தரும் செடி தியா விரிடிஸ் என்றும், கருந்தேயிலை தரும் செடி தியா போகியா என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இக்கருத்து செல்வாக்குடன் விளங்கியது.

1843 இல் சீனாவுக்குச் சென்ற இசுக்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் பார்ச்சூன், ஒரே செடியின் கொழுந்திலிருந்து இரண்டு வகைகளும் செய்யப்படுவதை நேரில் கண்டு எழுதினார். ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலைக்குக் கவர்ச்சியான நிறம் தருவதற்காக, பிரசிய நீலம் என்னும் சாயமும் ஜிப்சமும் சேர்க்கப்பட்டதையும் அவர் பதிவு செய்தார். பின்னர் 1848 இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மீண்டும் சீனா சென்ற பார்ச்சூன், தேயிலைக் கன்றுகளையும் விதைகளையும் இமயமலைப் பகுதிக்கு அனுப்பினார்.

அசாமில் காட்டுத் தேயிலை வளர்வது 1823 இல் ராபர்ட் புரூசு என்பவரால் அறியப்பட்டது. அசாம் தேயிலை முதன்முதலாக 1839 இல் இலண்டனில் ஏலம் விடப்பட்டது. இலங்கையில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பிப் பயிரை அழித்ததைத் தொடர்ந்து அங்குத் தேயிலை முதன்மைப் பயிராயிற்று.

செடி ஒன்றே என்பது தெளிவான பின்னர், பதப்படுத்தும் முறையின் அடிப்படையில் வகைப்படுத்துவதே பொருத்தமானதாகக் கருதப்பட்டது. இன்று பரவலாக வழங்கும் ஆறு வகைப் பாகுபாட்டைச் சீன அறிஞர் சென் சுவான் 1979 இல் முறைப்படுத்தினார். சீனாவின் மரபுவழித் தேயிலை பதப்படுத்தும் நுட்பங்களும் அவை சார்ந்த வழக்கங்களும் 2022 இல் யுனெசுக்கோவின் மாந்தகுலப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

## வேறுபாட்டின் அடிப்படை

### ஆக்சிசனேற்றம்

இளங்கொழுந்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு பாலிபீனால்கள் என்னும் வேதிப்பொருட்களாகும். இவற்றுள் பெரும்பாலானவை கேட்டக்கின்கள். இவை நிறமற்றவை, துவர்ப்புச் சுவை உடையவை. இலையின் உயிரணுக்களில் கேட்டக்கின்களும், அவற்றை மாற்றக்கூடிய பாலிபீனால் ஆக்சிடேசு என்னும் நொதியும் தனித்தனி அறைகளில் அமைந்துள்ளன. இலை நசுங்கும்போது அறைச் சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிசன் சேர்ந்தவுடன் வினை தொடங்குகிறது. நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் சிறிது நேரத்தில் கறுப்பது இதே போன்ற வினையினாலாகும். இவ்வினை ஆக்சிசனேற்றம் எனப்படும். இலங்கைத் தமிழில் இது ஒட்சியேற்றம் எனப்படுகிறது.

இவ்வினையில் முதலில் தியாபிளேவின்களும், பின்னர் தியாருபிஜின்களும் உருவாகின்றன. தியாபிளேவின்கள் தேநீருக்குப் பொன்னிறப் பளபளப்பையும் நாவில் உறைக்கும் சுறுசுறுப்பையும் தருகின்றன. தியாருபிஜின்கள் செம்பழுப்பு நிறத்தையும் அடர்த்தியையும் தருகின்றன. வினை அளவுக்கு மீறினால் தேநீர் மங்கிய நிறமும் சப்பென்ற சுவையும் உடையதாகும். எனவே வினையை உரிய நேரத்தில் நிறுத்துவதே தேயிலை செய்வோரின் முதன்மையான திறன் எனலாம்.

நொதி ஒரு புரதம் என்பதால் வெப்பத்தில் செயலிழக்கும். பறித்த சிறிது நேரத்திலேயே கொழுந்தைச் சூடாக்கினால் வினை நிகழாது. இலை பச்சையாகவே இருக்கும். இப்படிமுறையைச் சீனர் "பச்சையைக் கொல்லுதல்" என்பர்.

### நொதித்தல் என்னும் தவறான வழக்கு

தேயிலைத் தொழிற்சாலைகளில் ஆக்சிசனேற்றத்தைப் புளிக்க வைத்தல் அல்லது நொதித்தல் என்று கூறும் வழக்கம் இன்றும் உள்ளது. இது நுண்ணுயிர்களின் செயற்பாடு பற்றித் தெளிவில்லாத காலத்தில் தோன்றிய பெயராகும். மாவு புளிப்பதும் பால் தயிராவதும் நுண்ணுயிர்களால் நிகழ்பவை. கருந்தேயிலையின் மாற்றமோ இலையின் சொந்த நொதியால் நிகழ்வது. நுண்ணுயிர்களின் பங்கு உண்மையில் முதன்மை பெறுவது பின்நொதிப்புத் தேயிலையில் மட்டுமே.

### படிமுறைகள்

பதப்படுத்தலில் பின்வரும் படிமுறைகள் உள்ளன. எல்லா வகைகளுக்கும் எல்லாப் படிமுறைகளும் பயன்படுவதில்லை.

1. வாட்டுதல்: கொழுந்தைப் பரப்பிக் காற்றோட்டத்தில் ஈரம் குறையச் செய்தல். கருந்தேயிலைக்கு இது பொதுவாக 12 முதல் 18 மணிநேரம் வரை நீடிக்கும். இலை துவண்டு உருட்டுவதற்கு ஏற்றதாகிறது; மணப்பொருட்களும் உருவாகின்றன.
2. பச்சையைக் கொல்லுதல்: வாணலியில் வறுத்தோ நீராவியில் அவித்தோ நொதியைச் செயலிழக்கச் செய்தல்.
3. உருட்டுதல்: இலையை முறுக்கி உயிரணுக்களை உடைத்தல்.
4. ஆக்சிசனேற்றம்: உருட்டிய இலையை ஈரக்காற்றில் பரப்பி வைத்தல்.
5. உலர்த்துதல்: சூடான காற்றில் ஈரத்தை ஏறத்தாழ 3 விழுக்காடாகக் குறைத்தல். இத்துடன் வினை நின்றுவிடும்.
6. தரம் பிரித்தல்: சல்லடைகளால் சலித்து அளவுவாரியாகப் பிரித்தல்.

## முதன்மை வகைகள்

### வெண்தேயிலை

ஆறு வகைகளுள் மிகக் குறைந்த படிமுறைகளைக் கொண்டது வெண்தேயிலை. கொழுந்து வாட்டி உலர்த்தப்படுகிறது. வறுப்பதோ உருட்டுவதோ இல்லை. இளமொட்டுகளின் மேல் காணப்படும் வெள்ளிய மென்மயிர்களால் இப்பெயர் ஏற்பட்டது. புஜியான் மாகாணத்தின் புடிங், செங்கே ஆகிய இடங்கள் இதற்குப் புகழ்பெற்றவை. மொட்டுகளை மட்டும் கொண்ட வெள்ளி ஊசி, மொட்டுடன் இலைகளும் சேர்ந்த வெண்பியோனி என்பன முக்கிய வகைகள். வாட்டும் நேரம் நீண்டது என்பதால் வெண்தேயிலையிலும் சிறிதளவு ஆக்சிசனேற்றம் தானாகவே நிகழ்கிறது. சாறு வெளிர்மஞ்சள் நிறமும் இலேசான இனிப்பும் கொண்டது.

### பச்சைத் தேயிலை

கொழுந்து ஆக்சிசனேற்றம் அடையும் முன்னரே சூடாக்கப்படுவதால் கேட்டக்கின்கள் பெரும்பாலும் மாறாமல் எஞ்சுகின்றன. சூடாக்கும் முறையைப் பொறுத்து இது இரு மரபுகளாகப் பிரிகிறது.

சீன மரபில் கொழுந்து சூடான இரும்பு வாணலியில் வறுக்கப்படுகிறது. இதனால் வறுத்த பயறு அல்லது கொட்டைகளை ஒத்த மணம் உண்டாகிறது. ஹாங்சோ நகரை அடுத்த பகுதிகளில் செய்யப்படும் லோங்ஜிங், சிறு உருண்டைகளாகச் சுருட்டப்பட்ட வெடிமருந்துத் தேயிலை ஆகியவை இம்மரபைச் சேர்ந்தவை.

சப்பானிய மரபில் கொழுந்து நீராவியில் அவிக்கப்படுகிறது. இதனால் பசும் நிறமும் கடற்பாசியை நினைவூட்டும் மணமும் நிலைக்கின்றன. இன்றைய செஞ்சா தேயிலைக்கு அடிப்படையான முறையை உஜி பகுதியைச் சேர்ந்த நாகத்தானி சோயென் 1738 இல் உருவாக்கினார். கியோகுரோ என்னும் வகைக்குப் பறிப்பதற்கு முன் ஏறத்தாழ மூன்று வாரங்கள் செடிகளுக்கு நிழல் அமைக்கப்படுகிறது. தேயிலைக்குச் சுவை தரும் தியனைன் என்னும் அமினோ அமிலம் ஒளியில் கேட்டக்கின்களாக மாறுகிறது. நிழலில் இம்மாற்றம் குறைவதால் துவர்ப்புக் குறைந்து இனிய சுவை மிகுகிறது. இவ்வாறு நிழலில் வளர்த்த இலையைக் காம்பும் நரம்பும் நீக்கி மாவாக அரைத்ததே மட்சா. மட்சாவை அருந்தும்போது சாறு மட்டுமின்றி இலை முழுவதும் உட்கொள்ளப்படுகிறது.

### மஞ்சள் தேயிலை

பச்சைத் தேயிலையைப் போலவே இதுவும் முதலில் சூடாக்கப்படுகிறது. பின்னர் ஈரப்பதத்துடன் கூடிய இலை, தாளிலோ துணியிலோ பொதிந்து இளஞ்சூட்டில் வைக்கப்படுகிறது. இதனால் இலை மஞ்சளித்து, பச்சைத் தேயிலையின் புல்வாசனையும் துவர்ப்பும் தணிகின்றன. ஹூனான் மாகாணத்தின் ஜுன்சான் ஊசி, சிச்சுவான் மாகாணத்தின் மெங்டிங் மஞ்சள் மொட்டு ஆகியவை அறியப்பட்டவை. உழைப்பும் நேரமும் மிகுதியாகத் தேவைப்படுவதால் இது சீனாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கிறது.

### ஊலோங் தேயிலை

பச்சைத் தேயிலைக்கும் கருந்தேயிலைக்கும் இடைப்பட்டது ஊலோங். இச்சொல்லுக்குச் சீன மொழியில் கறுப்பு டிராகன் என்று பொருள். வாட்டிய கொழுந்தை மூங்கில் தட்டுகளில் குலுக்கும்போது இலையின் ஓரங்கள் மட்டும் நசுங்குகின்றன. ஓரம் சிவந்து நடுப்பகுதி பச்சையாக இருக்கும் நிலையில் இலை சூடாக்கப்படுகிறது. ஆக்சிசனேற்றத்தின் அளவு ஏறத்தாழ 10 முதல் 80 விழுக்காடு வரை வேறுபடுவதால், ஊலோங் வகைகளுக்குள் காணப்படும் வேறுபாடு மிகப் பெரிது.

புஜியான் மாகாணத்தின் அன்சி பகுதியில் செய்யப்படும் தியேகுவான்யின் மலர்மணம் உடையது. வூயி மலைப் பாறைகளிடையே விளையும் டா ஹோங் பாவோ கரிநெருப்பில் வாட்டப்படுவதால் வறுத்த மணம் கொண்டது. தைவானின் "கீழைத்தேய அழகி" என்னும் வகைக்குத் தத்துப்பூச்சி கடித்த கொழுந்துகளே தேவைப்படுகின்றன. பூச்சி கடிக்கும்போது செடி தன்னைக் காக்கச் சுரக்கும் பொருட்கள் தேன்மணத்தைத் தருகின்றன. இதனால் அத்தோட்டங்களில் பூச்சிக்கொல்லி தெளிப்பதில்லை.

### கருந்தேயிலை

முழுமையாக ஆக்சிசனேற்றம் செய்யப்பட்ட தேயிலை இதுவாகும். இந்தியா, இலங்கை, கென்யா ஆகிய நாடுகளின் உற்பத்தியில் பெரும்பங்கு கருந்தேயிலையே. இது இரு முறைகளில் செய்யப்படுகிறது.

* மரபு முறை: கொழுந்து உருளைப் பொறிகளில் முறுக்கப்படுகிறது. முழு இலையும் உடைந்த இலையும் கிடைக்கும். மணமும் சுவை நுட்பமும் மிகுதி. டார்ஜிலிங்கிலும் இலங்கையிலும் இம்முறை முதன்மையானது.
* சி.டி.சி. முறை: வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்கள் கொண்ட இரு உருளைகளுக்கிடையே கொழுந்து வெட்டப்பட்டு, கிழிக்கப்பட்டு, சுருட்டப்படுகிறது. இம்மூன்று செயல்களின் ஆங்கில முதலெழுத்துகளே சி.டி.சி. என்னும் பெயராயின. வில்லியம் மெக்கர்ச்சர் 1930 இல் அசாமில் இப்பொறியை உருவாக்கினார். உயிரணுக்கள் பெருமளவு உடைவதால் வினை விரைந்து நிகழ்கிறது. சாறும் விரைந்து இறங்குகிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்தாலும் நிறமும் கடுமையும் குன்றாததால் இந்தியாவின் தேநீர்க் கடைகளுக்கு இதுவே ஏற்றதாயிற்று.

சீனாவில் ஆன்ஹுயி மாகாணத்தின் கீமுன் தேயிலையும், பைன் மரப் புகையில் உலர்த்தப்படும் லாப்சாங் சூச்சோங் தேயிலையும் புகழ்பெற்றவை.

### பின்நொதிப்புத் தேயிலை

உலர்ந்த இலையின் மீது நுண்ணுயிர்கள் வாரக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ செயற்பட்டு உருவாகும் தேயிலை இது. யுன்னான் மாகாணத்தின் பூயர் இதில் முதன்மையானது. பச்சைப் பூயர் வட்டுகளாக அழுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் சேமித்து முதிர்விக்கப்படுகிறது. முதிர்ந்த பூயர், ஈர இலையைக் குவித்து வைத்துச் சில வாரங்களில் நொதிக்கச் செய்து பெறப்படுகிறது. இவ்விரைவு முறை 1973 இல் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டது. குவாங்சி பகுதியின் லியூ பாவோ தேயிலை, மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பணியாற்றிய சீனத் தொழிலாளர்களால் விரும்பி அருந்தப்பட்டது. பிற தேயிலைகள் நாள்பட மணம் இழக்கும். பின்நொதிப்புத் தேயிலையோ முறையாகச் சேமித்தால் நாள்பட மதிப்புப் பெறும்.

## நிலமும் பருவமும்

உயர்ந்த இடங்களில் குளிரால் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணப்பொருட்கள் செறிவடைகின்றன. இலங்கைத் தேயிலை இதன் அடிப்படையில் 600 மீட்டருக்கு உட்பட்ட தாழ்நிலம், 600 முதல் 1200 மீட்டர் வரையிலான இடைநிலம், அதற்கு மேற்பட்ட உயர்நிலம் எனப் பிரிக்கப்படுகிறது. நுவரெலியாத் தேயிலை மென்மையும் மலர்மணமும் கொண்டது. உருகுணைத் தாழ்நிலத் தேயிலை அடர்நிறமும் கடுஞ்சுவையும் கொண்டது. ஊவாத் தேயிலை சூலை முதல் செப்தெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் தனித்த மணம் பெறுகிறது.

டார்ஜிலிங்கில் மார்ச், ஏப்பிரல் மாதங்களில் பறிக்கப்படும் முதற்கொழுந்து வெளிர்நிறச் சாறும் புத்திளம் மணமும் தருவது. மே, சூன் மாதங்களின் இரண்டாம் கொழுந்து மசுகட் திராட்சையை ஒத்த மணத்துக்குப் பெயர்பெற்றது. டார்ஜிலிங் தேயிலை இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்ற முதற்பொருளாகும். நீலகிரியில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்படினும், திசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான குளிர்காலத் தேயிலை மணத்தில் சிறந்ததாகக் கருதப்படுகிறது.

## கொழுந்து பறித்தல்

நல்ல தேயிலைக்கு ஒரு மொட்டும் இரண்டு இளம் இலைகளும் பறிக்கப்படுகின்றன. ஒரு கிலோ தேயிலை செய்ய ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ கொழுந்து தேவை. முற்றிய இலைகளில் பாலிபீனால்கள் குறைவாதலால், அவை கலந்தால் எந்த இயந்திரத்தாலும் தரத்தை ஈடுசெய்ய இயலாது. சாக்கில் அமுக்கி அடைக்கப்பட்ட கொழுந்து தொழிற்சாலையை அடையும் முன்பே நசுங்கிச் சூடேறிச் சிவக்கத் தொடங்கிவிடும். அதன்பின் அதிலிருந்து பச்சைத் தேயிலை செய்ய முடியாது. பறித்த கொழுந்தை ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாது என்பதே, விலை குறைவான நாட்களிலும் சிறு விவசாயிகள் கிடைத்த விலைக்கு விற்க நேர்வதற்குக் காரணமாகும்.

இலங்கை மலையகம், நீலகிரி, வால்பாறை, மூணாறு ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியதில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. கொழுந்து பறிப்போரில் பெரும்பான்மையினர் பெண்களாவர். தேயிலையின் தரம் முதலில் தீர்மானிக்கப்படுவது அவர்களின் விரல்களிலேயே ஆகும்.

## தரப்பெயர்கள்

பொதிகளில் காணப்படும் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் முதலிய குறியீடுகள் இலையின் அளவைக் குறிப்பவை. சுவையையோ வகையையோ குறிப்பவை அல்ல. ஓ.பி. என்பதன் விரிவு ஆரஞ்சு பீக்கோ. பீக்கோ என்பது வெண்மயிர் எனப் பொருள்படும் சீனச் சொல்லின் திரிபு. ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பி.ஓ.பி. என்பது உடைந்த இலையையும், பி.ஓ.பி.எஃப். அதனினும் சிறிய துணுக்குகளையும், டஸ்ட் மிகச் சிறிய துகள்களையும் குறிக்கும்.

துகள் சிறிதாகச் சிறிதாக வெந்நீருடன் தொடும் பரப்பு கூடுவதால் சாறு விரைவாகவும் கடுமையாகவும் இறங்கும். தென்னிந்தியத் தேநீர்க் கடைகளில் துணி வடிகட்டியில் டஸ்ட் தேயிலை பயன்படுத்தப்படுவது இக்காரணத்தாலாகும். டஸ்ட் என்பது தரைக் குப்பை அன்று. நல்ல கொழுந்திலிருந்து கிடைக்கும் டஸ்ட் நல்ல தேயிலையே.

## மணமூட்டியவையும் தேயிலை அல்லாதவையும்

பச்சைத் தேயிலையுடன் மல்லிகை மலர்களை அடுக்கி மணமேற்றுவது மல்லிகைத் தேயிலை. கருந்தேயிலையில் பெர்கமோட் என்னும் நாரத்தை வகைப் பழத்தின் எண்ணெய் சேர்ப்பது ஏர்ல் கிரே. இஞ்சி, ஏலம் சேர்த்த மசாலாத் தேநீர், திபெத்தின் வெண்ணெய்த் தேநீர், காசுமீரின் உப்புத் தேநீர், மலேசியாவின் தே தாரிக் என்பன தயாரிப்பு முறைகளே; தனித் தேயிலை வகைகள் அல்ல.

செம்பருத்தி, சீமைச்சாமந்தி, தென்னாப்பிரிக்காவின் ரூயிபோசு ஆகியவற்றில் தேயிலையும் இல்லை, காஃபீனும் இல்லை. சுக்குக் காப்பியில் காப்பி இல்லாதது போன்றதே இது. தென்னமெரிக்காவின் மாத்தே தேயிலை அன்று எனினும் அதில் காஃபீன் உண்டு.

## தயாரிக்கும் முறை

வகைக்கேற்ப நீரின் வெப்பநிலை மாறுபடுகிறது. தியனைன் குறைந்த வெப்பத்திலேயே கரையும். கேட்டக்கின்களும் காஃபீனும் வெப்பம் கூடக்கூட மிகுதியாகக் கரையும். எனவே பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் இட்டால் கசக்கும். பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள் வருமாறு:

* கியோகுரோ: 50 – 60 பாகை செல்சியசு
* பிற பச்சைத் தேயிலை, மஞ்சள் தேயிலை: 70 – 80 பாகை
* வெண்தேயிலை: 75 – 85 பாகை
* ஊலோங்: 85 – 95 பாகை
* கருந்தேயிலை, பூயர்: 95 – 100 பாகை

தேயிலைகளை ஒப்பிட்டுச் சுவைப்பதற்கென ஐ.எசு.ஓ. 3103 என்னும் பன்னாட்டுச் செந்தரம் உள்ளது. இதன்படி 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை வீதம் 6 நிமிடங்கள் ஊறவைக்கப்படுகிறது. இது சோதனைக்கான முறையேயன்றி, அருந்துவதற்குச் சிறந்த முறை எனக் கூறப்படுவதன்று. பால் சேர்க்கும்போது அதிலுள்ள கேசீன் என்னும் புரதம் பாலிபீனால்களுடன் பிணைவதால் துவர்ப்புக் குறைகிறது.

## காஃபீனும் உடல்நலமும்

தேயிலையில் கண்டறியப்பட்ட ஊக்கிப்பொருளுக்கு 1827 இல் தீயின் எனத் தனிப்பெயர் இடப்பட்டது. அது காப்பியிலுள்ள காஃபீனே என்பது பின்னர் நிறுவப்பட்டது. தேயிலையின் உலர் எடையில் பொதுவாக 2 முதல் 4 விழுக்காடு காஃபீன் உள்ளது. பச்சைத் தேயிலையிலும் வெண்தேயிலையிலும் காஃபீன் மிகக் குறைவு என்பது உறுதியான விதி அன்று. ஆக்சிசனேற்றம் காஃபீனின் அளவைப் பெரிதாக மாற்றுவதில்லை. முற்றிய இலையைவிட மொட்டில் காஃபீன் கூடுதலாதலால், மொட்டுகளால் ஆன வெண்தேயிலையில் அது மிகுந்திருக்கவும் கூடும்.

தேநீரிலுள்ள பாலிபீனால்கள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. ஆகவே இரத்தசோகை உள்ளவர்கள் உணவுடன் தேநீர் அருந்தாமல் ஒரு மணிநேரமாவது இடைவெளி விடுதல் நன்று. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தை அருந்துவதும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016 இல் வகைப்படுத்தியது. இதற்குக் காரணம் சூடேயன்றித் தேயிலை அன்று. பச்சைத் தேயிலையைக் கோப்பையில் அருந்துவதும், அதன் செறிந்த சாற்றை மாத்திரையாக உட்கொள்வதும் ஒன்றல்ல. மிகையான அளவில் மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும்.

## கலப்படம்

பயன்படுத்திய தேயிலையை உலர்த்திச் சாயமேற்றிக் கலப்பது பரவலான மோசடியாகும். ஈரமான வெள்ளைத் தாளில் சிறிது தேயிலையைத் தூவினால், செயற்கைச் சாயம் கலந்திருப்பின் உடனே நிறக்கறைகள் படரும். தூய தேயிலை குளிர்நீரில் உடனடியாக நிறம் விடாது. நல்ல தேயிலையின் நிறம் இலையின் சொந்த வினையால் மெல்ல உருவாவது. வெந்நீரில் ஊறிய பின்னரே அது முழுமையாக வெளிப்படும்.

## இவற்றையும் பார்க்க

* தேயிலை
* காப்பி
* காஃபீன்
* நீலகிரி மாவட்டம்
* மலையகத் தமிழர்
* சப்பானியத் தேநீர்ச் சடங்கு